பொய்ச்சான்றும் மெய்ச்சான்றும்

1995 அக்டோபர் 29-ஆம் நாள் நியூசிலாந்துத் தொலைக்காட்சியில் 'ஃபர்காட்டன் சில்வர்' என்னும் படம் ஒளிபரப்பாயிற்று. பீட்டர் ஜாக்சனும் காஸ்டா போட்சும் இயக்கிய அது, காலின் மெக்கன்சி என்னும் திரைமேதையின் வரலாற்றை ஆவணப்படம் போலவே உரைத்தது. பார்த்தோர் பலர் நம்பினர். அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை என அறிந்தபின் சினந்தோரும் உளர்.

படத்தின் திறம் யாது? விமானம் இயற்றிய ரிச்சர்டு பியர்சு மெய்யாகவே வாழ்ந்தவர். அவர் பறந்ததை மெக்கன்சி படம்பிடித்தாராம். அக்காட்சியிலுள்ள செய்தித்தாளைப் பெரிதாக்கினால் 1903 மார்ச்சு எனத் தெரிகிறதாம். ரைட் சகோதரர் பறந்ததோ அவ்வாண்டு டிசம்பரில்! மெய்யோடு பொய்யைப் பிணைக்கும் இடம் இதுவே. மெக்கன்சி 1908-இல் எடுத்த பேசும்படம், நடிகர் சீனமொழி பேசியதால் தோற்றது என்றபோதே ஐயம் எழுந்திருக்க வேண்டும். தம் நாடே முந்தியது என்னும் ஆசை அதனை அடக்கிவிட்டது.

அவ்வாசை தமிழர்க்கும் உண்டு. அதே நாட்டில் 1836 அளவில் வில்லியம் கொலென்சோ கண்ட வெண்கல மணியில் தமிழெழுத்து உள்ளது. மவோரி மக்கள் அதில் கிழங்கு வேகவைத்து வந்தனர். கப்பலுக்கு உடையவர் பெயரை மணி சொல்கிறது. அங்குச் சென்ற வழியைச் சொல்லவில்லை. அதனைக் கொண்டு சோழர் கடலோடிய கதை புனைவோர் இன்னொரு மெக்கன்சியையே படைக்கின்றனர்.

கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் தமிழ் கற்பிப்போர் இப்படத்தை மாணவர்க்குக் காட்டலாம். அடுத்து அம்மணியையும் காட்டலாம். சான்று நிற்குமிடத்தில் தாமும் நிற்கக் கற்ற மாணவர் சொல்லும் தமிழ்ப் பெருமையையே பிறரும் ஏற்பர்.