விரிதாளில் இரு இடைகள்: ஒரு விமரிசன நோக்கு

எந்தவொரு கருவியும் தான் தோன்றிய சூழலின் தேவைகளைத் தன்னுள் தாங்கியே வருகின்றது. அச்சூழலை அறியாது கருவியை மட்டும் கைக்கொள்வோர் அதனை ஆள்வதிலும் பார்க்க அதற்கு ஆட்படுவதே அதிகம். கல்வியியல், சமூகவியல், விவசாயம், மருத்துவம் முதலிய துறைகளின் ஆய்வேடுகளில் இரு மாதிரிகளின் இடைகளை ஒப்பிடும் ரீ சோதனை இன்று பரவலாக இடம்பெறுகின்றது. அது எக்செல் போன்ற விரிதாள் மென்பொருளில் ஒரே வரியிற் செய்து முடிக்கப்படுவதும் உண்டு. அந்த ஒரு வரி ஆய்வாளனின் தீர்ப்பை எங்கே கொண்டுபோய் வைத்துள்ளது என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ரீ சோதனை உற்பத்திக் களத்திற் பிறந்தது. டப்ளின் நகரின் கின்னஸ் பியர் தொழிற்சாலையிற் பணியாற்றிய வில்லியம் சீலி கொசெற், மூலப்பொருட்கள் தொடர்பான பரிசோதனைகளிற் சில அளவீடுகளை மட்டுமே பெறக்கூடியவராயிருந்தார். பெரிய மாதிரிகளுக்கென வகுக்கப்பட்ட முறைகள் அவருக்குப் போதவில்லை. சிறிய மாதிரியின் இடையை எத்துணை நம்பலாம் என்ற வினாவுக்கு அவர் கண்ட விடை 1908இல் 'பயோமெற்றிக்கா' இதழில் வெளியாயிற்று. ஊழியர் தம் பெயரில் ஆய்வுகளை வெளியிடுவதை நிறுவனம் அனுமதிக்காமையால், 'மாணவன்' எனப் பொருள்படும் 'ஸ்ரூடன்ற்' என்ற புனைபெயரை அவர் பூண்டார். விஞ்ஞானியின் உழைப்பின் மீது நிறுவனம் கொண்டிருந்த உரிமைக்கு அப்பெயரே சான்றாகும்.

அக்கட்டுரையில் கொசெற் எடுத்தாண்ட உதாரணமொன்று நமது நோக்கத்துக்கும் பொருந்தும். குஷ்னி, பீபிள்ஸ் ஆகியோர் 1905இல் வெளியிட்ட தரவுகள் அவை. பத்து நோயாளர்க்கு இருவகைத் துயில் மருந்துகள் வெவ்வேறு வேளைகளில் வழங்கப்பட்டு, மேலதிகமாகக் கிடைத்த உறக்கம் மணித்தியாலங்களிற் பதியப்பட்டது. முதல் மருந்தின் இடை 0.75, இரண்டாவதன் இடை 2.33, வேறுபாடு 1.58 மணித்தியாலம்.

இவ்விரு நிரல்களையும் விரிதாளில் இட்டு, ரீ சோதனைக்குரிய சார்பை அழைப்போமாயின், அது மேலும் இரண்டு இலக்கங்களைக் கேட்கும். ஒன்று, சோதனை ஒருவாலா இருவாலா என்பது. மற்றையது சோதனையின் வகை: சோடி சேர்ந்த தரவுகளுக்கு 1, சமமான மாறற்றிறன் உடைய தனித்தனி மாதிரிகளுக்கு 2, சமமற்ற மாறற்றிறன் உடையவற்றுக்கு 3. இருவாற் சோதனையில் வகை 1 தரும் நிகழ்தகவு 0.0028, வகை 2 தருவது 0.0792, வகை 3 தருவது 0.0794. வழக்கிலுள்ள 0.05 என்ற எல்லையைக் கொண்டால், முதலாவது விடையின்படி மருந்துகளிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு உண்டு. ஏனைய இரண்டின்படி அவ்வாறு கூற இயலாது. தரவுகளோ ஒன்றே.

எது சரி? இதற்கான விடை எண்களுள் இல்லை. பரிசோதனை நடந்த முறையில் உள்ளது. இரு மருந்துகளையும் பெற்றவர்கள் அதே பத்துப் பேர். உறக்கத்தில் ஆளுக்கு ஆள் வேறுபாடு மிகுதி; முதல் மருந்தில் ஒருவர் 1.6 மணித்தியாலம் குறைவாக உறங்கினார், இன்னொருவர் 3.7 மணித்தியாலம் கூடுதலாக உறங்கினார். ஆயினும் ஒவ்வொருவரையும் அவரோடே ஒப்பிட்டால், ஒன்பது பேர் இரண்டாம் மருந்தில் அதிகம் உறங்கினர், ஒருவரிடம் மாற்றமில்லை. எனவே வகை 1 மட்டுமே பொருந்தும். விரிதாள் இதனை அறியாது. தவறான இலக்கத்தை இட்டாலும் எச்சரிக்கை எதுவுமின்றி விடை தருகின்றது.

இதனினும் ஆபத்தானது முதலாவது தெரிவு. வகை 2ஐ வைத்துக்கொண்டு 'இருவால்' என்பதை 'ஒருவால்' என மாற்றினால் நிகழ்தகவு பாதியாகி 0.0396 ஆகின்றது, எல்லையைத் தாண்டாத முடிவு தாண்டிவிடுகின்றது. வேறுபாட்டின் திசையைத் தரவுகளைக் காணுமுன் கோட்பாட்டு அடிப்படையில் வரையறுத்தவனுக்கே ஒருவாற் சோதனை உரியது. விடையைக் கண்டபின் இலக்கத்தை மாற்றுபவன் ஆய்வு செய்யவில்லை; வேண்டிய முடிவைப் பெற்றுக்கொள்கின்றான். 0.05 என்பதும் இயற்கை வகுத்த எல்லையன்று. 1925இல் ரொனால்ட் பிஷர் வசதி கருதி எடுத்துரைத்த ஓர் அளவு அது. பட்டமும் பதவியும் பிரசுரமும் அதனோடு பிணைக்கப்பட்டபோது, வசதி விதியாயிற்று.

உதாரணத்தின் பிற்கால வரலாறும் கவனத்துக்குரியது. கொசெற் மருந்துகளின் பெயர்களைப் பிழையாகக் குறித்தார். பிஷர் தமது 1925ஆம் ஆண்டு நூலில் அப்பிழையைத் தொடர்ந்தார். கணிப்பு இம்மியும் பிசகவில்லை. நிரலின் தலைப்பே பிசகியிருந்தது. எண்கள் எவற்றைக் குறிக்கின்றன என்பதை எந்தச் சோதனையும் சோதிப்பதில்லை.

இவற்றைக் கொண்டு விரிதாளை நிராகரித்தல் பிற்போக்கானதாகும். அட்டவணைகளைப் புரட்டிக் கையாற் கணித்த காலத்தில் இம்முறைகள் சிலரது உடைமையாயிருந்தன. இன்று கணினியுள்ள எந்த மாணவனும் அவற்றைக் கையாளலாம். இப்பரவலாக்கம் வரவேற்கத்தக்கது. ஆனால் கணிப்பு எளிதாவதால் தீர்ப்பின் பொறுப்புக் குறைவதில்லை. கையாற் கணித்தவன் சோடிகளின் வேறுபாடுகளை ஒவ்வொன்றாக எழுதியே ஆகவேண்டியிருந்தது. ஒன்பதாம் நோயாளரின் வேறுபாடு மட்டும் 4.6 எனத் தனித்து நிற்பதை அவன் கண்டிருப்பான். விரிதாளின் சார்பு தருவதோ ஒரு தனி நிகழ்தகவு மாத்திரமே. வேறுபாட்டின் அளவைக்கூட அது கூறுவதில்லை.

ஆகவே நமது ஆய்வேடுகளிடமிருந்து நாம் கோரவேண்டியவை தெளிவானவை. தரவுகள் சோடிகளா, தனி மாதிரிகளா, திசை எப்போது தீர்மானிக்கப்பட்டது, வேறுபாடு எவ்வளவு, அதன் நிச்சயமின்மை எவ்வளவு என்பன எழுதப்படல் வேண்டும். மேற்கண்ட உதாரணத்தில், இரண்டாம் மருந்து சராசரியாக 1.58 மணித்தியாலம் கூடுதல் உறக்கம் தந்தது, 95 சதவீத நம்பிக்கை ஆயிடை 0.70 முதல் 2.46 வரையாகும் என்ற கூற்று, நோயாளரின் உறக்கத்தைப் பற்றிப் பேசுகின்றது. 'நிகழ்தகவு 0.05இலும் குறைவு' என்று மட்டும் கூறுவது ஆய்வாளனின் வெற்றியைப் பற்றியே பேசுகின்றது. புள்ளிவிபரவியல் எதனைப் பேசவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பு மென்பொருளுடையதன்று. ஆய்வாளருடையதும் அவர்தம் ஆசிரியர்களுடையதுமாகும்.