அஃப்லாத்தூனும் உண்மையும்

பொன்மொழித் தொகுப்பு எதனைப் புரட்டினாலும் ஒரு வாசகம் தவறாது கண்ணிற் படுகின்றது. பிளேட்டோ எனக்கு நண்பர், உண்மையோ அவரினும் பெரிய நண்பர் என்பது அதன் கருத்து. அடியில் அரிஸ்டாட்டில் என்று பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். ஐரோப்பிய நாடுகளில் இது 'அமிக்குஸ் பிளாட்டோ, செத் மகிஸ் அமிக்கா வேரித்தாஸ்' என்னும் லத்தீன் உருவில் வழங்குகின்றது. கி.மு. 322-இல் மறைந்த அரிஸ்டாட்டில் கிரேக்க மொழியில் எழுதியவர். லத்தீனில் ஒரு சொல்லும் எழுதியவர் அல்லர். அவ்வாறாயின் இவ்வாசகம் யாருடையது? எங்கிருந்து வந்தது? வழியில் எதனை இழந்தது? இவ்வினாக்களை எழுப்பாமலே நாம் இதனை மேற்கோள் காட்டி வருகின்றோம்.

மூலத்தைத் தேடினால் 'நிக்கோமாக்கிய ஒழுக்கவியல்' என்னும் நூலின் முதற் பகுதி, ஆறாம் அத்தியாயம் நம்மை வரவேற்கின்றது. நன்மை என்பது யாது என ஆராயப் புகும் அரிஸ்டாட்டில், அங்குப் பிளேட்டோவின் கொள்கையை மறுக்க வேண்டிய கட்டத்திற்கு வருகின்றார். பதினேழு வயதில் பிளேட்டோவின் கல்விக்கழகத்தில் சேர்ந்து, ஆசிரியர் கி.மு. 347-இல் மறையும் வரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அங்கிருந்தவர் அவர். மறுப்பைத் தொடங்குமுன் தயங்குகின்றார். இக்கொள்கையைக் கொணர்ந்தவர்கள் நமக்கு இனியவர்களாதலால் இவ்வாராய்ச்சி மேட்டில் ஏறுவது போன்றது என்கின்றார். எனினும் உண்மையைக் காக்க வேண்டி, நமக்கு உரியவற்றையும் விட்டுவிடுவது கடமை; இரண்டும் இனியவையாய் இருக்கையில் உண்மைக்கு முதன்மை தருவதே பக்தி என்று முடிக்கின்றார்.

இப்பகுதியில் பிளேட்டோ என்னும் பெயரே இல்லை. இனியவர்கள் என்று பன்மையில் பொதுவாகச் சொல்லி, ஆசிரியரின் பெயரை நாவால் எடுக்காமல் அடங்கிக் கொள்கின்றார் மாணவர். பிற்காலத்தார் அந்தப் பெயரை வெளியே இழுத்து வாசகத்தின் தலைவாயிலில் நிறுத்திவிட்டார்கள். அடக்கம் போயிற்று, முழக்கம் வந்தது.

மொழிபெயர்ப்பால் நேர்ந்த இழப்பு இதனினும் பெரிது. அரபு இலக்கணம் ஓதிய நம் வாசகர்கள் முஃப்ரத், தஸ்னியா, ஜம்உ என்னும் மூன்று எண்களையும் அறிவார்கள். ஒருமை, பன்மை இவற்றோடு இருமையும் கொண்டது பழைய கிரேக்கம். அரிஸ்டாட்டில் இவ்விடத்தில் அந்த இருமையைக் கையாளுகின்றார். அன்பர்களையும் உண்மையையும் ஒரே சொல்லுக்குள் இணையாக அமர்த்திவிட்டு, அதன் பிறகே ஒன்றை முற்படுத்துகின்றார். லத்தீனில் இருமை இல்லை, தமிழிலும் இல்லை. எனவே இணையாக இருந்தவை 'மகிஸ்' என்னும் ஒப்பீட்டுச் சொல்லால் தராசின் இரு தட்டுகளில் ஏற்றப்பட்டன. ஒன்று தாழ்ந்து மற்றொன்று உயர்ந்தது. பக்தி என்னும் பொருள் தந்த சொல்லோ அடியோடு உதிர்ந்து போயிற்று. உண்மைக்கு முதலிடம் தருவது அறிவின் வேலை மட்டுமன்று, புனிதமான கடமை என்று அந்தக் கிரேக்கர் கருதினார். அந்த நெஞ்சம் லத்தீன் வாசகத்தில் இல்லை.

'அமிக்குஸ்' என்பது நண்பன் என்னும் பெயராகவும் இனிய என்னும் அடையாகவும் நிற்க வல்லது. லத்தீனில் உண்மை என்னும் சொல் பெண்பால் ஆதலின் அதற்கேற்ப 'அமிக்கா' வந்தது. இதனைத் தோழி என்று தமிழாக்குவது நகைப்புக்கு இடமாகும். நண்பர் என்பதும் அரைகுறையே. கிரேக்க மூலச் சொல்லும் இதே இருபொருள் உடையதாதலின், பிளேட்டோ இனியவர், உண்மை அதனினும் இனியது என்று பெயர்ப்பதே நமக்குப் பொருத்தமாகத் தோன்றுகின்றது.

இந்தக் கருத்து அரிஸ்டாட்டிலோடு தொடங்கியதுமன்று. பிளேட்டோவின் 'ஃபைடோ' என்னும் உரையாடலில், மரணத்தை எதிர்நோக்கியிருக்கும் சாக்ரட்டீஸ் தம் மாணவர்களிடம், என்னைப் பற்றிச் சிறிதே எண்ணுங்கள், உண்மையைப் பற்றி மிகுதியாக எண்ணுங்கள் என்னும் கருத்துப்பட உரைக்கின்றார். 'குடியரசு' நூலின் பத்தாம் பகுதியிலோ, சிறு வயது முதல் தாம் நேசித்த ஹோமரைக் குறை கூறுமுன், எந்த மனிதரையும் உண்மைக்கு மேலாக மதிக்கலாகாது என்று கூறப்படுகின்றது. இவற்றையெல்லாம் ஓதி வளர்ந்தவர் அரிஸ்டாட்டில். ஆகவே ஆசிரியரை எதிர்த்த மாணவனின் கலகக் குரலாக இவ்வாசகத்தைப் படிப்பவர்கள் பிழைபடப் படிக்கின்றார்கள். ஆசிரியர் கற்பித்த பாடத்தையே ஆசிரியரிடம் ஒப்புவித்தார் மாணவர். மறுப்பும் ஒரு வகைக் கீழ்ப்படிதலாகும் விந்தை இங்கு நிகழ்கின்றது.

பிற்காலக் கிரேக்கர்கள் எழுதிய அரிஸ்டாட்டில் வரலாறுகளில் இக்கருத்து பெயர்களோடு கூடிய சிறு வாசகமாகச் சுருங்கியது. அரபு மொழியிலும் அது புகுந்தது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 1095-இல் முடித்த 'தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா'வின் முன்னுரையில் இதனை எடுத்தாளுகின்றார்கள். அரிஸ்டாட்டில் தமக்கு முன்னிருந்த அனைவரையும் மறுத்தார், தத்துவவாதிகள் தெய்வீகர் என்று போற்றிய தம் ஆசிரியர் அஃப்லாத்தூனையும் விட்டுவைக்கவில்லை, பின்னர் இவ்வாசகத்தைக் கூறிச் சமாதானம் தேடிக்கொண்டார் என்பது இமாம் அவர்கள் தரும் செய்தி. தத்துவவாதிகளின் கொள்கைக்கு உறுதியான அடித்தளம் இல்லை என்று காட்டவே இதனைச் சொல்கின்றார்கள். வாதத்திற்குரிய படைக்கலமாக வாசகம் இங்கே மாறுகின்றது. அரிஸ்டாட்டிலின் தயக்கத்தை இமாம் அவர்கள் ஒரு சாக்காகவே கண்டார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இமாம் அவர்கள் இதனோடு நின்றுவிடவில்லை. பின்னாளில் தம் உண்மைத் தேட்டத்தை விவரித்து எழுதிய 'அல் முன்கித்' நூலில், மனிதர்களைக் கொண்டு சத்தியத்தை அறிய முற்படாதே, சத்தியத்தை அறிந்துகொள், அதற்குரியவர்களை அறிவாய் என்னும் கருத்துடைய கூற்றை ஹஸ்ரத் அலீ (ரலி) அவர்களுடையதாக எடுத்துக்காட்டுகின்றார்கள். ஒரு நூலில் தவறு இருப்பதால் அதிலுள்ள உண்மையையும் தள்ளிவிடுவது அறிவிலார் செயல் என்று கண்டிக்கின்றார்கள். தஹாஃபுத்தில் எதிரியின் மீது எறிந்த வாசகத்தின் கருத்தை முன்கித்தில் தமக்கே சட்டமாக்கிக் கொண்டார்கள் என்று நாம் கொள்ளலாம். இவ்விரு நூல்களையும் சேர்த்துப் படிக்காமல் இமாம் அவர்களை அறிவின் பகைவர் என்று எழுதுவோர் இன்றும் உளர்.

இமாம் அவர்களுக்கு லத்தீன் உலகம் இழைத்த பிழை வேறு. தத்துவவாதிகளின் கருத்துகளைத் தொகுத்துரைக்கும் அவர்களது 'மகாஸித்' 12-ஆம் நூற்றாண்டில் தொலேதோ நகரில் லத்தீனாயிற்று. இவை என் கருத்துகளல்ல, மறுப்பதற்காகவே விவரிக்கின்றேன் என்னும் பொருள்பட எழுதப்பட்ட முகவுரை பெரும்பாலான படிகளில் இல்லை. விளைவு, தத்துவவாதிகளை மறுத்தவர் லத்தீன் அறிஞர் பலரால் இப்னு ஸீனாவின் மாணவராகவே எண்ணப்பட்டார்! ஒரு முகவுரை உதிர்ந்தால் ஒரு மனிதரே தலைகீழாகி விடுகின்றார்.

நமது வாசகத்திற்கு மீள்வோம். ஒழுக்கவியல் நூலை 1246-ஐ ஒட்டி ராபர்ட் குரோசெட்டெஸ்ட் முழுமையாக லத்தீனாக்கினார். 1267-இல் ரோஜர் பேக்கன் எழுதிய நூலில், சாக்ரட்டீஸைப் பற்றிப் பிளேட்டோ சொன்னதாக ஓர் உருவமும் காணப்படுகின்றது. 1525-இல் மார்ட்டின் லூத்தர் பிளேட்டோவையும் சாக்ரட்டீஸையும் ஒருசேரக் குறிப்பிட்டு இதனைக் கையாண்டார். 1664-ஐ ஒட்டிக் கேம்பிரிட்ஜ் மாணவராயிருந்த நியூட்டன் தம் குறிப்பேட்டில் பிளேட்டோவோடு அரிஸ்டாட்டிலையும் நண்பராகச் சேர்த்து, உண்மையை அவர்களுக்கு மேல் வைத்தார். ஆசிரியரைக் கடந்தவர், கடக்கப்பட வேண்டிய ஆசிரியராகிவிட்டார். இந்த நெடிய பயணத்தை ஹென்ரி கெர்லாக் 1978-இலும், லியோனார்தோ தாரான் 1984-இலும் கட்டுரைகளில் ஆராய்ந்துள்ளனர்.

இவற்றுள் நமக்கு மிகவும் பிடித்தது செர்வாந்தஸின் கையாட்சி. 'டான் கிஹோட்டே'யின் இரண்டாம் பாகம் 1615-இல் வெளிவந்தது. அதன் 51-ஆம் அத்தியாயத்தில், தீவின் ஆளுநராகிவிட்ட சாஞ்சோவுக்கு எஜமானர் எழுதும் கடிதத்தில் இந்த லத்தீன் வாசகம் வருகின்றது. ஆளுநரான பின் லத்தீன் கற்றிருப்பாய் என்று அவர் நம்புகின்றாராம். சாஞ்சோவோ எழுத்தறியாதவன், கடிதத்தைச் செயலர்தான் படித்துக் காட்ட வேண்டியிருக்கின்றது. மேற்கோளைப் பெருமைக்காக எடுத்து வீசும் வழக்கத்தை இதனினும் அழகாக யாரும் பரிகசித்ததாக நமக்குத் தெரியவில்லை.

ஒற்றை நூல் உடைய மனிதனுக்கு அஞ்சுகிறேன் என்னும் கருத்துடைய மற்றொரு லத்தீன் வாசகமும் நம் கவனத்திற்குரியது. 1274-இல் மறைந்த தாமஸ் அக்குவினாஸின் பெயரில் அது உலவுகின்றது. அவர் நூல்களில் அது இல்லை. ஒரு நூலைத் துறைபோகக் கற்றவன் வாதத்தில் வெல்லுதற்கு அரியவன் என்று பாராட்டாகவே முன்னோர் அதனைக் கொண்டனர். இன்றோ, ஒரே நூலைப் பற்றி நிற்கும் குறுகிய மதியினனைச் சாடும் சொல்லாக அது புரண்டுவிட்டது. வேதமொன்றைப் பற்றி வாழ்வோரை இழித்துரைக்க இதனை ஆளுகின்றவர், பாராட்டாகப் பிறந்ததை வசையாக்குவதோடு, சொல்லாதவரைச் சாட்சிக்கும் அழைக்கின்றார்.

சிறு கட்டத்துள் இத்தனை வரலாற்றையும் அடைக்க இயலாது என்று தொகுப்பாளர்கள் கூறலாம். இயலாதுதான். ஆயினும் அரிஸ்டாட்டில் என்று மட்டும் அச்சிடும் அதே வரியில், கருத்து அரிஸ்டாட்டிலுடையது, வாசகம் பிற்காலத்தது என்று அச்சிட இடம் இருக்கின்றது. அக்குவினாஸின் பெயரை எடுத்துவிட்டாலோ, அந்த இடமும் மிச்சமாகும்.