கொடுந்தமிழ் கற்ற முனிவர்

வீரமாமுனிவரின் பிறந்தநாளான நவம்பர் 8-ஐ ஒட்டி நம் பங்கில் சிறியதோர் இலக்கியக் கூட்டம் நடத்துவது வழக்கம். சென்ற முறை கூட்டம் முடியும் தறுவாயில், பங்குப் பேரவையில் நெடுநாள் பணியாற்றிய பெரியவர் ஒருவர் எழுந்தார். “சாமி, இத்தாலியிலிருந்து வந்தவர் தமிழில் காப்பியமே பாடினார். வடக்கேயிருந்து பிழைக்க வந்திருக்கிற நம் வேதத்துப் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை தமிழ் வராதா? அவர்களுக்கென்று எதற்குத் தனியாக இந்தியில் பூசை?” என்று கேட்டார். கைத்தட்டல் எழுந்தது. நாம் அன்று சொன்ன மறுமொழி நமக்கே நிறைவளிக்கவில்லை. ஆகவே முனிவரின் நூல்களையே மீண்டும் எடுத்து வைத்துக்கொண்டு, இவ்வழக்கில் அவர் எந்தப் பக்கம் சாட்சி சொல்கிறார் என்று பார்க்க முற்பட்டோம்.

பெரியவர் குறிப்பிட்ட பிள்ளைகள் பெரும்பாலும் ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் மாநிலங்களின் பழங்குடிக் கத்தோலிக்கர். கட்டட வேலைக்கும் உணவக அடுப்படி வேலைக்கும் வந்தவர்கள். இந்தியும் அவர்களுள் பலருக்குத் தாய்மொழி அன்று. வீட்டில் பேசுவது சாத்ரி அல்லது குடுக். இவற்றுள் குடுக் திராவிட மொழிக் குடும்பத்தின் வட கிளையைச் சேர்ந்தது. நம் தமிழுக்குத் தூரத்து உறவு. கைத்தட்டியவர்களுக்கு இது தெரிந்திராது. நமக்கும் அண்மையில்தான் தெரிந்தது.

முதலில் தேம்பாவணி. 1726-இல் நிறைவெய்திய இக்காப்பியம் மூன்று காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்டது. சூசையப்பர் இதில் வளன் ஆகிறார். திருமுழுக்கு யோவான் கருணையன் ஆகிறார். யூதேய நாடு வயலும் வாய்க்காலுமாய் நம் மருத நிலத்தின் சாயல் பெறுகிறது. 1968 சனவரியில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் முனிவருக்குச் சிலை எழுந்ததற்கு இந்நூலே முதற்காரணம் எனலாம். ஆனால் நாம் தேம்பாவணியைப் போற்றும் முறையில் ஒரு குறை உண்டு. தமிழின் பெருமைக்குச் சான்றாக அதைக் காட்டுகிறோமேயன்றி, அது எத்தகைய வாழ்விலிருந்து பிறந்தது என்று கேட்பதில்லை. முப்பது வயதில் இந்நாட்டுக்கு வந்தவர். கற்பிக்கப் புலவர் இருந்தனர். சோறிடச் சபை இருந்தது. மாதந்தோறும் பணம் அனுப்பவேண்டிய குடும்பம் இல்லை. ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் உழைத்தார். பேரறிவும் ஓய்வும் வாய்த்த ஒருவர் எதைச் சாதிக்கலாம் என்பதற்குத் தேம்பாவணி சாட்சி. சித்தாள் வேலைக்கு வந்தவரிடம் எதைக் கேட்கலாம் என்பதற்கு அது அளவுகோலாகாது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். திருக்குடும்பம் எகிப்துக்கு ஓடிப்போன வரலாறு இக்காப்பியத்துள் வருகிறது. அந்நிய நாட்டில் பிழைக்கப்போன தச்சர் ஒருவரின் கதை அது. ஆனால் காப்பிய மரபில் யாவரும் ஒரே செந்தமிழே பேசவேண்டும். கடைத்தெருவில் சொல் தெரியாமல் விழிப்பதும், கேட்டவர் நகைப்பதும், கூலியை விரல்விட்டுக் காட்டுவதும் அங்கே இடம்பெற இயலாது. அந்தத் தடுமாற்றத்தைத் தம் உடம்பிலேயே அறிந்த கவிஞர் அதைப் பாடாமற்போனது இலக்கியத்துக்கு ஓர் இழப்பென்றே நாம் கருதுகிறோம்.

அந்தத் தடுமாற்றம் வேறொரு நூலில் வெளிப்படுகிறது. மேடைகளில் எவரும் பேசாத நூல் அது. இலத்தீனில் அவர் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் 1728-இல் முடிந்தது. 1738-இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. தரங்கம்பாடி அச்சகம் லுத்தரன் சபையாருடையது. அவர்களை எதிர்த்து முனிவர் காரசாரமாக எழுதியவர். அப்படியிருந்தும் அவர் நூலை அவர்கள் அச்சிட்டார்கள். மொழி கற்க வருகிறவனுக்கு உதவும் நூலென்றால் பகையும் சற்று ஒதுங்கி நின்றது போலும்!

கொடுந்தமிழ் என்றது மக்கள் பேசும் தமிழை. தொன்னூல் விளக்கம் இயற்றிய கை, சந்தையிலும் வீட்டுத் திண்ணையிலும் புழங்கும் பேச்சுக்கும் இலக்கணம் வகுத்தது. ஏன்? புதிதாய் வரும் குருவானவர் நாளைக்கே பாவசங்கீர்த்தனம் கேட்கவேண்டும். நோயாளியின் அருகில் உட்காரவேண்டும். அவருக்குக் காப்பியம் பின்னால் வந்தால் போதும். முனிவர் பட்ட பாட்டை அவருக்கு அடுத்து வந்தவர் பட வேண்டியதில்லை. 1732-இல் வெளிவந்த சதுரகராதியும் அத்தகையதே. நிகண்டுகளை மனப்பாடம் செய்தவர்க்கே திறந்திருந்த சொற்களஞ்சியத்தை அவர் அகரவரிசையில் அடுக்கி, எழுத்துத் தெரிந்த எவரும் திறக்கலாம் என்று ஆக்கினார். இந்நூல்களைப் படிக்கையில் நமக்குத் தெரிவது ஒன்றே: மொழி கற்கவேண்டும் என்று அவர் ஐயமின்றி எண்ணினார், அப்படி எண்ணியதனாலேயே கற்பிக்கும் கருவியையும் தாமே செய்துவைத்தார். பெரியவர் முனிவரின் முதற்பாதியை மட்டும் சாட்சிக்கு அழைத்தார்.

பரமார்த்த குருவின் கதையும் பேச்சுத்தமிழ் பழகுவதற்குத் துணையாக எழுந்ததே. ஆற்றைக் கடந்தபின் சீடன் ஆட்களை எண்ணுகிறான். தன்னை எண்ணாமல் விட்டு, ஒருவர் ஆற்றோடு போய்விட்டதாக அழுகிறான். சிறுவயதில் சிரித்தோம். இப்போது பங்கின் குடும்பப் பதிவேட்டைப் புரட்டும்போது சிரிப்பு வரவில்லை. ஞாயிறுதோறும் கடைசி வரிசையில் முழந்தாளிடும் அந்த இளைஞர்களுள் ஒருவர் பெயரும் அதில் இல்லை. எண்ணியவர் நாமே.

எண்ணிக்கையை நம் பக்கமும் நடத்திப் பார்ப்போம். புனித சவேரியார் 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது, இரு மொழியும் அறிந்தவர்களைக் கொண்டு மன்றாட்டுகளைத் தமிழாக்கி, மனனம் செய்தே கற்பித்தார். தமிழில் தேர்ச்சி பெற அவருக்குக் காலம் வாய்க்கவில்லை. பெரியவரின் தேர்வில் மறைபரப்புப் பாதுகாவலரே தவறிவிடுவார்! 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு சிறுவர்களோடு அமர்ந்து மணலில் எழுதிப் பழகினார். நாகப்பட்டினத்தை ஆண்ட போர்த்துக்கீசியரும், 1658 முதல் 1781 வரை இருந்த ஒல்லாந்தரும் நம்மிடம் கற்றதைவிட நமக்குத் தந்த சொற்களே மிகுதி. சன்னல், சாவி, மேசை, அலமாரி எல்லாம் போர்த்துக்கீசியம். ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல்லொன்றை இவ்விதழில் எழுதக் கூச்சமாயிருக்கிறது; எல்லார் வீட்டிலும் கொல்லைப்புறத்தில் இருந்த இடம் அது.

நம்மவரும் கடல் கடந்தார்கள். இந்நாகைத் துறைமுகத்திலிருந்தே ‘இராஜுலா’ கப்பலில் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் இவ்விதழைப் படிக்கிறார்கள். சிங்கப்பூரில் 1888-இல் எழுந்த லூர்து அன்னை ஆலயம் தமிழ்க் கத்தோலிக்கருக்கென்றே கட்டப்பட்டது. அவர்கள் மலாய் கற்காமலும் இருந்ததில்லை, தமிழை விடவும் இல்லை. மலேசியாவில் குடியுரிமை வேண்டி விண்ணப்பிப்பவருக்கு மலாய் மொழியறிவு போதிய அளவு வேண்டுமென அந்நாட்டு அரசியலமைப்பே விதிக்கிறது. அதே நாட்டில் ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளும் நடக்கின்றன. அங்கே நம்மவர்க்குத் தமிழ்ப் பூசை நியாயமென்றால் இங்கே இந்திப் பூசை எப்படி அநியாயமாகும்? வேளாங்கண்ணியில் திருவிழா நாள்களில் இந்தியிலும் மலையாளத்திலும் கொங்கணியிலும் திருப்பலி நடக்கிறது. அங்கே யாரும் முணுமுணுப்பதில்லை. வந்தவர் உண்டியலில் காணிக்கை போடுகிறார்; இங்கே வந்தவர் கூலி வாங்குகிறார். வேறுபாடு அவ்வளவே.

கூலி என்றவுடன் கைத்தட்டலின் உள்ளிருந்த வேதனையைப் பேசாமல் விட முடியாது. அண்மை ஆண்டுகளில் மேற்கு வங்கத்து ஆண்கள் குழுக்குழுவாய் வந்து நம் வயல்களில் நாற்று நடுகிறார்கள். நடவு நம் பெண்களின் வேலை. கைப்பிழைப்பு போன தாய்மார் நம் பங்கிலும் இருக்கிறார்கள். அவர்கள் கண்ணீர் பொய்யன்று. ஆனால் அந்தக் கண்ணீருக்கு மொழி காரணமா? 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் எரிந்ததற்கு முன் நடந்த பூசலிலும், கூலி உயர்வு கேட்டவர்களுக்கு எதிராக வெளியூர் ஆட்களை அறுவடைக்கு இறக்கினார்கள். அந்த வெளியூரார் பேசியது தமிழ்தான். எனவே நடவுக்காரர் நாளையே செந்தமிழ் பேசினாலும் நம் தாய்மாருக்குப் போன வேலை திரும்பாது. சொல்லப்போனால், பேசத் தெரியாத ஆளையே சில தரகர்கள் விரும்புகிறார்கள். பேசத் தெரிந்தால் கணக்குக் கேட்பானே! 2023 மார்ச்சில் வடமாநிலத்தார் தாக்கப்படுகிறார்கள் என்று பொய்ச்செய்தி பரவியபோது, தமிழறியாத காரணத்தாலேயே அதை நம்பி அஞ்சியவர் பலர்.

ஆகவே மொழி கற்கவேண்டும் என்பதில் நாம் பெரியவரோடு உடன்படுகிறோம். ஆனால் நம் காரணம் வேறு. பேசத் தெரியாதவர் ஏமாற்றப்படுகிறார், மருத்துவமனையில் தம் நோயைச் சொல்ல இயலாமல் நிற்கிறார். இக்கடமையிலும் ஏற்றத்தாழ்வு உண்டு. வங்கி முகப்பில் அமர்ந்து நம் உழவரிடம் தமிழில் ஒரு சொல்லும் பேசாத அதிகாரி உடனே கற்கக் கடமைப்பட்டவர். நம் குருக்களும் அவ்வாறே. சாந்து குழைக்கிறவருக்கு அவகாசம் தரலாம்; இங்கேயே தங்கிவிட்டவரின் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம் தரவேண்டும்.

பலிபீடத்துக்கு வர மொழியைச் சுங்கமாக்க மட்டும் நமக்கு உரிமையில்லை. ஒரு சொல்லை உச்சரிக்கத் தெரியாத குற்றத்துக்காக யோர்தான் துறையில் வெட்டுண்ட எப்ராயிமியரின் கதை நீதித்தலைவர்கள் நூலில் இருக்கிறது. திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரத்தில், கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் பந்தியில் கவனிக்கப்படவில்லை என்ற முறைப்பாடு எழுந்தபோது, திருத்தூதர் அவர்களை எபிரேயம் கற்று வரச் சொல்லவில்லை, எழுவரை நியமித்தார்கள், எழுவர் பெயரும் கிரேக்கப் பெயர். 1215-ஆம் ஆண்டு இலாத்தரன் சங்கம், பல மொழியினர் கலந்து வாழும் இடங்களில் அவரவர் மொழியில் வழிபாடு நடத்தத் தக்கவரை ஏற்படுத்துமாறு ஆயர்களைப் பணித்தது. குடிபெயர்ந்தோர் பற்றிய பன்னிரண்டாம் பத்திநாதரின் சாசனம் நம் தஞ்சை மறைமாவட்டம் உருவான அதே 1952-இல் வெளியானது.

இப்போது மாதம் ஒரு ஞாயிறு மாலை, வெளியிலிருந்து வரும் குருவானவர் ஒருவர் இந்தியில் திருப்பலி நிறைவேற்றுகிறார். அது முடிந்து அரைமணி நேரம் நம் உபதேசியார் தமிழ் சொல்லித் தருகிறார். அவர்கள் முதலில் கேட்டுக்கொண்ட சொல் ‘பாக்கி’. அடுத்தது, ‘எப்போது தருவீர்கள்’. அவர்களுள் ஒருவர் தம் ஊரிலும் பல்லுக்குப் பல் என்றே பெயர் என்றபோது உபதேசியார் நம்ப மறுத்தார். பிறகு தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பதினொருவராய்த் தொடங்கியது, வேலை மாறிப் போனவர் போக இப்போது ஆறு பேர் வருகிறார்கள். பெரியவர் இன்னும் ஒப்பவில்லை. அடுத்த பேரவைக் கூட்டத்தில் இதை மறுபடியும் எழுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.