பால்குனமும் பங்குனியும்: வங்க நாவல் மொழிபெயர்ப்பில் வசந்தகால வீட்டுவேலைச் சொற்கள்

1. முன்னுரை

வங்க நாவல்கள் தமிழுக்கு வரத் தொடங்கி நூறாண்டுக்கு மேலாகிறது. இம்மொழிபெயர்ப்புகளைப் பற்றிய திறனாய்வு பெரும்பாலும் கதைமாந்தர், நடை, மூலத்தோடு ஒத்துச்செல்லும் அளவு ஆகியவற்றைச் சுற்றியே அமைந்துள்ளது. முற்றம் பெருக்குதல், தரை மெழுகுதல், கீரை ஆய்தல், படுக்கையை வெயிலில் போடுதல் போன்ற அன்றாட வேலைகளைக் குறிக்கும் சொற்கள் எவ்வாறு பெயர்க்கப்படுகின்றன என்பது தனியே ஆராயப்படுவது அரிது. எளிய சொற்கள் என்பதால் அவற்றில் சிக்கல் இராது என்று கருதப்படுகிறது.

இக்கருத்து பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் துணிபு. வங்கச் சிற்றூர் நாவலில் பருவம் பெரும்பாலும் பருவப்பெயரால் உணர்த்தப்படுவதில்லை. வீட்டில் அன்று நடக்கும் வேலையால் உணர்த்தப்படுகிறது. வேலையைக் குறிக்கும் வினைச்சொல் தவறினால் பருவம் தவறும். அவ்வேலையைச் செய்யும் பெண்ணின் அறிவும் உழைப்பும் கண்ணில் படாமல் போகும். வசந்தத்தின் தொடக்கக் காலத்தை எல்லையாகக் கொண்டும், விபூதிபூஷண் பந்தோபாத்யாயவின் ‘பதேர் பாஞ்சாலி’யை (நூல்வடிவம் 1929) முதன்மைச் சான்றாகக் கொண்டும் இது இங்கு விளக்கப்படுகிறது.

2. மாதப்பெயர் தரும் மயக்கம்

வேலைச் சொற்களுக்கு முன் காலச் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். வங்கமும் தமிழும் சூரிய மாதக் கணக்கையே பின்பற்றுகின்றன. ஆயினும் ஒரே ராசிக்குரிய மாதத்தை அவை வெவ்வேறு பெயரால் அழைக்கின்றன. சூரியன் மேட ராசியில் புகும் மாதம் தமிழில் சித்திரை, வங்கத்தில் வைசாகம். எனவே வங்கத்தின் பால்குனம் ஏறத்தாழப் பிப்ரவரி நடுவில் தொடங்கி மார்ச் நடுவில் முடியும். அது தமிழ்க் கணக்கில் மாசி; ஒலியால் ஒத்த பங்குனி அன்று. அவ்வாறே வங்கச் சைத்திரம் நமது பங்குனி, சித்திரை அன்று. மலையாளம் மாதங்களை ராசிப் பெயராலேயே கும்பம், மீனம் என வழங்குவதால் அம்மொழிபெயர்ப்பாளருக்கு இம்மயக்கம் இல்லை. தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒலியொப்புமையை நம்பிப் ‘பங்குனி’ என்று எழுதினால் ஒரு மாதம் பிந்திவிடுகிறார்.

இந்தி மூலங்களில் நிலைமை வேறு. அங்குச் சந்திர மாதம் வழங்குவதால் பால்குனப் பௌர்ணமி சில ஆண்டுகளில் நமது பங்குனியிலும் சில ஆண்டுகளில் மாசியிலும் விழும். 2024இல் ஹோலியும் பங்குனி உத்திரமும் மார்ச் 25ஆம் நாளில் ஒன்றுசேர்ந்தன. 2025இல் ஹோலி மார்ச் 14, பங்குனி உத்திரம் ஏப்ரல் 11. ஆகவே இந்திப் பால்குனத்துக்கும் தமிழ் மாதத்துக்கும் நிலையான நிகரன் இல்லை.

பருவப்பெயரில் இடைவெளி இன்னும் பெரிது. வங்க வழக்கில் பால்குனமும் சைத்திரமும் வசந்தம். தொல்காப்பிய உரைமரபில் அதே காலமாகிய மாசியும் பங்குனியும் பின்பனி. இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். வசந்தத்தை ‘இளவேனில்’ எனப் பெயர்ப்பவர் இரண்டு மாதம் தள்ளிப்போகிறார். ‘பின்பனி’ எனப் பெயர்த்தாலோ காலம் பொருந்தும். மலர்ச்சியும் மகிழ்ச்சியும் சேர்ந்த அச்சொல்லின் பொருட்சாயல் பொருந்தாது. ‘வசந்தம்’, ‘பால்குன மாதம்’ என்று அப்படியே நிறுத்திவிட்டு, அந்நாள்களில் வீட்டில் நடப்பதைத் துல்லியமாகச் சொல்வதே தக்க வழி. காலத்தைக் காட்டும் பொறுப்பு இவ்வாறு பெயர்ச்சொல்லிலிருந்து வினைச்சொல்லுக்கு மாறுகிறது.

3. முற்றத்து வினைகள்

வங்கச் சிற்றூரில் பால்குனம் பிறந்ததும் குளிருக்குப் போர்த்திய ‘லேப்’ எனும் பஞ்சுமெத்தைப் போர்வையும், பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்த ‘காந்தா’வும் வெயிலில் போடப்பட்டு, மடித்து உள்ளே வைக்கப்படுகின்றன. இதனை வங்கமொழி ‘ரோதே தேஓயா’ என்கிறது. சொல்லுக்குச் சொல் ‘வெயிலில் கொடுத்தல்’. இதற்குத் தமிழில் ‘காயவைத்தல்’ என்று எழுதுவது எளிது. ஆனால் காய்வதற்கு அங்கே ஈரமில்லை. தமிழ் இக்களத்தில் நுண்ணிய வேறுபாடுகள் உடையது: நனைந்த துணியை உலர்த்துகிறோம், நெல்லைக் காயவைக்கிறோம், சுண்டைக்காயை வற்றலாக்குகிறோம், இலையை அனலில் வாட்டுகிறோம், சூடான சோற்றை ஆறவைக்கிறோம், படுக்கையையும் பட்டுச்சேலையையும் வெயில்காட்டுகிறோம். ‘போர்வைகளை வெயில்காட்டி மடித்து வைத்தாள்’ என்ற தொடரில் குளிர் முடிந்தது என்ற செய்தி தானே அடங்கியுள்ளது. ‘போர்வைகளைக் காயவைத்தாள்’ என்றால் அவள் துவைத்தாள் என்றே வாசகர் கொள்வர். பருவம் விடுபட்டுப் போகும்.

தரையைக் குறித்த வினைகள் மற்றொரு சான்று. சாணம் கரைத்த நீரை விடியலில் முற்றத்தில் தூவுவது வங்கத்தில் ‘கோபர் சடா’; மண்ணும் சாணமும் குழைத்துத் துணியால் தரையைத் துடைத்தெடுப்பது ‘நிகோனோ’. இவை இரண்டு வேலைகள். இரண்டிற்கும் தேவைப்படும் நேரமும் உடல் நிலையும் வேறு. தமிழில் இவற்றுக்கு முறையே ‘தெளித்தல்’, ‘மெழுகுதல்’ என்னும் நேரிய நிகரன்கள் உண்டு. ஆங்கிலம் இடைமொழியாகும்போது இவை சுத்தம் செய்வதாகவோ சுவர்ப்பூச்சு வேலையாகவோ மாறி, தமிழில் ‘பூசினாள்’ என்று வந்து சேர வாய்ப்புண்டு. மெழுகுதல் என்ற சொல்லைப் பாட்டியின் வாயிலிருந்து அறிந்த மொழிபெயர்ப்பாளரே இடைமொழியின் காரணமாக அதை எழுதாமல் விடுவது வருந்தத்தக்கது.

வசந்தத் தொடக்கத்தில் மூங்கிலும் பிற மரங்களும் இலையுதிர்க்கின்றன. சருகு ஒருபுறம் குப்பை. மறுபுறம் அடுப்பெரிக்கும் பொருள். பெருக்கித் தள்ளுவது ஒரு செயல். வாரிச் சேர்ப்பது வேறொரு செயல். விறகு வாங்க இயலாத வீட்டில் ‘சருகு பெருக்கினாள்’ என்பதற்கும் ‘சருகு வாரினாள்’ என்பதற்கும் இடையே அவ்வீட்டின் பொருளாதாரமே உள்ளது.

4. அடுக்களை வினைகள்

வங்கத்தில் ‘பாச்சா’ என்ற ஒரே வினை கீரைக்கும் அரிசிக்கும் வழங்கும். தேர்ந்தெடுத்தல் என்பது அதன் பொதுப்பொருள். தமிழில் கீரையை ஆய்கிறோம். அரிசியில் கல் பொறுக்குகிறோம். மூலத்தின் ஒரு சொல்லுக்கு இங்கே இரண்டு சொற்கள் வேண்டும். செயப்படுபொருளைப் பார்த்தே வினையைத் தெரிய வேண்டும் என்பதை இது காட்டுகிறது. முறத்தால் ‘ஜாடா’ என்பது புடைத்தல். காய் ‘கோட்டா’ என்பது அரிதல் அல்லது நறுக்குதல். அதற்குரிய ‘பொண்ட்டி’ காலால் மிதித்துக்கொள்ளும் பலகையில் நிமிர்ந்து நிற்கும் வளைந்த அலகு; நமது அரிவாள்மணையேதான். ‘சில்-நோடா’ அம்மியும் குழவியும். இவ்விடங்களில் ஆங்கிலத்தில் நிகரன் இல்லை, தமிழில் உண்டு. ஆங்கிலத்தின் வழியே வரும் மொழிபெயர்ப்பு ‘கத்தி’, ‘அரைக்கும் கல்’ என்று எழுதும்போது, இரு இந்திய மொழிகளுக்குப் பொதுவான ஒரு பொருளுலகம் இடையில் தொலைகிறது. மாறாக, நெல் குத்தும் ‘டேக்கி’ காலால் மிதித்து இயக்கும் மரப்பொறி. அதனை ‘உரல்’ என்பது பிழை. கையால் குத்தும் பெண் வேறு, காலால் மிதிக்கும் பெண் வேறு. இங்கு மூலச்சொல்லை வைத்து, முதலில் வரும் இடத்தில் தொடருக்குள்ளேயே விளக்குவது நன்று.

பருவத்துக்குரிய உணவிலும் இவ்வாறே. வங்கத்தில் வசந்தத்தில் வேப்பந்தளிரைக் கிள்ளிக் கத்திரிக்காயோடு வறுத்து உண்பர். தமிழர் வேப்பம்பூவைச் சேர்த்து உலர்த்தி வைத்துக்கொள்வர். வேம்பு ஒன்றே; உறுப்பும் வினையும் வேறு. ‘வேம்பு’ என்று மட்டும் எழுதினால் தமிழ் வாசகர் பூவை நினைப்பார்.

ஒப்புமை மிகுந்த இடத்திலும் எச்சரிக்கை தேவை. உளுந்து அரைத்துச் சிறு உருண்டைகளாகத் துணியில் வைத்து உலர்த்தும் ‘போரி’ வங்க அடுக்களையின் சிறப்புப் பொருள். அதைச் செய்வதை ‘போரி தேஓயா’ என்பர்; ‘கொடுத்தல்’ என்னும் வினையே மீண்டும் வருகிறது. தெலுங்கில் வடியாலுக்கு ‘பெட்டு’ (வை) வருகிறது. தமிழில் வடாமும் அப்பளமும் ‘இடுதல்’. இந்தியில் அப்பளத்தை உருட்டித் தேய்ப்பதாகிய ‘பாபட் பேல்னா’ பெரும்பாடு படுதல் என்ற பொருளில் மரபுத்தொடராகவும் வழங்குகிறது. அவ்வேலையின் கடுமையை மொழியே ஒப்புக்கொண்ட இடம் அது. ‘போரி கொடுத்தாள்’ என்பது தமிழாகாது; ‘இட்டாள்’ என்பதே தமிழ். ஆனால் போரி குளிர்காலத்து வறண்ட வெயிலுக்குரியது. வடாம் மாசி, பங்குனிக்குப் பிந்திய வெயிலுக்குரியது. எனவே பொருளுக்குப் பொருள் ‘வடாம்’ என்று மாற்றினால் வினை பொருந்தும், பருவம் மாறிவிடும். ‘போரி இட்டாள்’ என்பதே இரண்டையும் காக்கும் தொடர்.

5. ‘பதேர் பாஞ்சாலி’ காட்டும் உண்மை

இவை வெறும் சொல்லாராய்ச்சி அல்ல என்பதை இந்நாவல் மெய்ப்பிக்கிறது. துர்கா பிறர் தோட்டத்தில் கிடந்த மாம்பிஞ்சைக் கொண்டுவந்து, தாய் அறியாமல் எண்ணெயும் உப்பும் எடுத்துவரத் தம்பி அபுவை ஏவும் இடம் புகழ்பெற்றது. அவள் செய்ய விரும்புவது ‘ஜாரானோ’. இதனை ‘ஊறுகாய் போடுதல்’ என்றால் நாள்கணக்கில் ஊறும் சேமிப்புப் பொருளாகிவிடும். சேமிப்பு என்பது வசதியுள்ள வீட்டின் செயல். துர்கா செய்வது பிசறி உடனே தின்பது. ‘பிசறுதல்’ என்ற ஒரு சொல்லில் அவள் பசியும் அவசரமும் அச்சமும் சேர்ந்து நிற்கின்றன. எண்ணெய்க்கும் உப்புக்கும் கணக்குப் பார்க்கும் தாய் சர்வஜயாவின் நிலையும் அதில் தெரிகிறது.

இதைவிட முக்கியமானது நாவலின் அமைப்பு. ‘பல்லாலி பாலாய்’, ‘ஆம் ஆண்டிர் பேம்பு’, ‘அக்ரூர் சம்வாத்’ என நாவல் மூன்று பகுதிகளால் ஆனது. முதலிரு பகுதிகளில் சர்வஜயா தன் இடிந்த வீட்டில் மெழுகுகிறாள், அரிகிறாள், சமைக்கிறாள். இறுதிப் பகுதியில், காசியில் கணவன் இறந்தபின், செல்வர் வீட்டில் சமையற்காரியாகிறாள். வேலைகள் மாறவில்லை, அவை யாருக்காகச் செய்யப்படுகின்றன என்பதே மாறுகிறது. முன்பு உரிமையாக இருந்த வினைகள் இப்போது கூலியாகின்றன. இந்த மாற்றத்தின் வலி வாசகரை அடைய வேண்டுமானால், முதற்பகுதிகளில் அவ்வினைகள் ஒவ்வொன்றாகப் பெயர் பெற்றிருக்க வேண்டும். அங்கெல்லாம் ‘வீட்டுவேலைகளைக் கவனித்தாள்’ என்று தொகுத்துவிட்டால், பின்னர் இழக்கப்படுவது எது என்று வாசகருக்குத் தெரியாது.

கிளார்க், தாராபத முகர்ஜி ஆகியோரின் 1968ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பு மூன்றாம் பகுதியை முழுவதும் விட்டு, குடும்பம் ஊரை நீங்குவதோடு முடிகிறது. ஆங்கிலத்தை மட்டும் நம்புவோர்க்குச் சர்வஜயாவின் கூலி வாழ்க்கையே இல்லை. இடைமொழியால் நேரும் இழப்புக்கு இதனினும் வெளிப்படையான சான்று வேண்டுவதில்லை. பகுதி விடுபட்டால் எண்ணிக் காட்டிவிடலாம். வினைகள் விடுபடுவதை எண்ணிக் காட்டுவார் இல்லை. கொங்கு நாட்டுச் சிற்றூரை ‘நாகம்மாள்’ (1942) நாவலில் எழுதிய ஆர். சண்முகசுந்தரம் ‘பதேர் பாஞ்சாலி’யைத் தமிழாக்கியவர் என்பது இங்கு நினைக்கத்தக்கது. ஊர்வாழ்வின் வினைச்சொற்களைத் தம் படைப்பில் ஆண்ட ஒருவர் மொழிபெயர்க்க முன்வருவது மொழிக்கு நற்பேறு.

6. அகராதியின் கடமை

மொழிபெயர்ப்பாளரை மட்டும் குறைகூறுவது நேர்மையாகாது. அவர் புரட்டும் அகராதி பெயர்ச்சொல்லுக்குத் தரும் இடத்தை வினைக்கூட்டுக்குத் தருவதில்லை. முறம், அம்மி, அரிவாள்மணை ஆகியவை தலைச்சொற்களாகின்றன. எப்பொருளை ஆய்வது, எதைப் பொறுக்குவது, எதைப் புடைப்பது, எதை வெயில்காட்டுவது என்னும் சேர்க்கை விதிகள் பேசுவோர் நினைவிலேயே உள்ளன. முறமும் அம்மியும் வீட்டிலிருந்து நீங்கிவரும் இக்காலத்தில் பொருள் அருங்காட்சியகத்தில் எஞ்சும். வினை அவ்வாறு எஞ்சாது.

வீட்டுவேலையைப் பொருட்களமாகக் கொண்ட இருமொழி வினை அகராதிகள் வங்கம்-தமிழ், இந்தி-தமிழ், கன்னடம்-தமிழ் எனத் தனித்தனியே உருவாக வேண்டும். ஒவ்வொரு பதிவிலும் செயப்படுபொருள், கருவி, செய்யும் பருவம், அப்பருவத்தின் ராசி மாதம் ஆகிய நான்கும் குறிக்கப்பட வேண்டும். தகவலாளர்களாக அவ்வேலையைச் செய்துவரும் பெண்களையே அணுக வேண்டும். இயந்திர மொழிபெயர்ப்புக்கான இணைத்தொடர்த் தொகுப்புகள் பெருகிவரும் இந்நாளில், ஆங்கிலத்தை நடுவில் நிறுத்தாமல் இந்திய மொழிகளை நேரடியாக இணைக்கும் தரவாகவும் இது பயன்படும்.

7. முடிவுரை

வசந்தத்தின் தொடக்கத்தைப் பெயர்க்க முயலும் மொழிபெயர்ப்பாளர் மாதப்பெயரின் ஒலியொப்புமையை நம்பலாகாது. பருவப்பெயருக்கு ஒரு நிகரனைத் தேடி அலையவும் வேண்டியதில்லை. வெயில்காட்டிய போர்வையும் மெழுகிய முற்றமும் கிள்ளிய வேப்பந்தளிரும் பிசறிய மாம்பிஞ்சும் சரியான வினைகளோடு வந்தால் பருவம் தானே விளங்கும். சர்வஜயா போன்ற ஒருத்தி நாளெல்லாம் என்ன செய்தாள் என்பதும் அப்போதுதான் தமிழில் பதிவாகும். ‘வீட்டுவேலை’ என்ற ஒரு சொல்லால் அதை மூடிவிடும் மொழிபெயர்ப்பு, மற்ற வகையில் எவ்வளவு சிறந்ததாயினும், அந்த அளவில் நிறைவுறாததே.