'பிற்றி' என்னும் ஆங்கிலச் சொல்: உணர்வும் நிலையும்

ஆங்கில இலக்கியத்தையும் விமர்சனத்தையும் தமிழில் எடுத்துரைக்கும்போது 'பிற்றி', 'சிம்பதி', 'கொம்பாஷன்', 'மேர்சி' ஆகிய சொற்களை நாம் பெரும்பாலும் வேறுபாடின்றியே கையாண்டு வருகின்றோம். இரக்கம், அனுதாபம், கருணை என்பவற்றுள் அவ்வேளையில் நாவில் வந்தது எதுவோ அதுவே இடம்பெறுகின்றது. யாவற்றையும் 'மனிதாபிமானம்' என்ற ஒரே கூடையுள் இட்டுவிடும் வழக்கமும் எமது விமர்சனத்தில் உண்டு. நலிந்தோரைப் பற்றிய ஒரு படைப்பு அவர்களை எங்கு நின்று நோக்குகின்றது என்ற வினாவை அடிப்படையாகக் கொள்ளும் முற்போக்கு விமர்சனத்துக்கு இது சிறிய குறைபாடன்று. அவ்வினாவுக்கான விடை, ஆங்கில நூல்களைப் பொறுத்தவரையில், இச்சொற்களின் வேறுபாட்டிலேயே பல இடங்களில் தங்கியுள்ளது.

எளிய சோதனை ஒன்றைச் செய்து பார்க்கலாம். துயருற்ற ஒருவரிடம் ஆங்கிலத்திற் 'சிம்பதி' தெரிவிப்பது நாகரிகம். அவர் முகத்துக்கு நேரே 'பிற்றி' தெரிவித்தாலோ அது பெரும்பாலும் அவமதிப்பாகவே கொள்ளப்படும். வாய்த்தர்க்கத்தின் முடிவில் எதிரியை மட்டந்தட்டுவதற்கும் இச்சொல் பயன்படுகின்றது. 'சிம்பதி' துயரத்தோடு மாத்திரம் நிற்பதுமில்லை. அச்சொல் தொடக்கத்திற் பிறர் துயரைப் பகிர்வதையே குறித்திருக்கலாம் எனினும், எவ்வுணர்ச்சியையும் பிறரோடு பகிர்வதற்கு அதனை வழங்கலாம் என்று அடம் ஸ்மித் 1759இல் வெளியிட்ட ஒழுக்க உணர்ச்சிகள் பற்றிய நூலிற் கூறினார். ஓர் இயக்கத்தின் கொள்கைக்கும் ஒருவர் 'சிம்பதி' கொள்ளலாம். 'கட்சி அனுதாபி' என்று நாம் கூறுவது இப்பொருளிலேயேயாகும். எக்கட்சியும் தன்மீது 'பிற்றி' கொள்வோரை உறுப்பினராகச் சேர்க்க விரும்பாது!

எனினும் 'பிற்றி' தோற்றத்திலேயே இழிந்த சொல்லன்று. தெய்வத்துக்கும் பெற்றோருக்கும் நாட்டுக்கும் ஆற்றவேண்டிய கடப்பாட்டைக் குறித்த 'பியேற்றாஸ்' என்னும் இலத்தீன் சொல்லே பிரெஞ்சு மொழிவழி ஆங்கிலத்தை அடைந்து இரண்டாகப் பிரிந்தது. ஒரு கிளை பக்தியைக் குறிக்கும் 'பயற்றி', மற்றது 'பிற்றி'. 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலிய மொழிபெயர்ப்பு, யாக்கோபின் நிருபத்தில், ஆண்டவரைப் 'பிற்றிபுல்' என்று போற்றுகின்றது. இரக்கம் நிறைந்தவர் என்பதே அங்கு பொருள். இன்று ஒருவரை அவ்வாறு அழைத்தால் அவர் கையாலாகாதவர், கேவலமானவர் என்றே விளங்கிக்கொள்ளப்படும். இரங்குபவரைச் சுட்டிய அடை இரங்கப்படுபவரைச் சென்றடைந்து, பின் இகழ்ச்சியாயிற்று. (தமிழிலும் இத்தகைய நகர்வுகள் உண்டு. குறளில் ஓர் அதிகாரத்தின் பெயராய் அமைந்த 'கண்ணோட்டம்' இன்று வெறும் நோக்குநிலையைக் குறிக்கின்றது.)

அரிஸ்டோட்டிலின் 'எலேயொஸ்' என்ற சொல்லுக்கு ஆங்கிலத்திற் 'பிற்றி' என்பதே வழக்கமான பெயர்ப்பு. ஆனால் அவர் கூறும் உணர்வில் மேலிருந்து கீழ்நோக்கும் பார்வை இல்லை. தகுதியின்றித் துன்புறுபவர்மீதே அது பிறக்கும். அத்துன்பம் தமக்கும் நேரலாம் என்று உணர்பவரிடத்தே பிறக்கும். தமக்கு எதுவும் நேராது என இறுமாந்திருப்போருக்கு அது வராது என்பதை அவரது அணியியல் நூல் தெளிவாகக் கூறுகின்றது. மிக நெருங்கியவரின் துன்பத்திலும் அது எழாது. அங்கே எழுவது அச்சமே. ஆகவே ஓரளவு தூரம் இவ்வுணர்வுக்கு வேண்டும். ஆனால் தூரம் வேறு, உயரம் வேறு. 'தகுதியின்றி' என்ற நிபந்தனையும் மனங்கொளத்தக்கது. இவ்வுணர்வினுள் நீதி பற்றிய ஒரு தீர்ப்பு அடங்கியிருக்கின்றது. நாமோ துன்புறுபவரைப் பார்த்துப் 'பாவம்' என்கிறோம்!

தூரம் உயரமாகும்போது நிகழ்வதை ஆங்கில எழுத்தாளர் பலர் கண்டனர். வறுமையை உண்டாக்கி வைத்துக்கொண்டு, அதன்மேல் தன் அறத்தை நிறுவும் சமூகத்தை வில்லியம் பிளேக் 1794இல் வெளியான தம் கவிதையொன்றில் அம்பலப்படுத்தினார். கிறஹாம் கிறீனின் 'த ஹார்ட் ஒஃப் த மற்றர்' (1948) நாவலில் வரும் பொலிஸ் அதிகாரி ஸ்கோபி, தன் மனைவிமீதும் பிறர்மீதும் கொண்ட இரக்கத்தாலேயே அழிகிறான். 'கொம்பாஷன்' என்பதினின்று வேறான 'பிற்றி' விளைக்கும் கேட்டையே தாம் காட்ட எண்ணியதாகக் கிறீன் பின்னர் எழுதினார். ஸ்கோபியின் இரக்கத்தில் அதிகாரம் கலந்துள்ளது; பிறர் வாழ்வுக்குத் தானே பொறுப்பு என்று எண்ணும் அவன், அவர்களைத் தம் வாழ்வுக்குத் தாமே பொறுப்பானவர்களாக மதிப்பதில்லை. ஹனா ஆரென்ட் 1963இல் இதனை அரசியலுக்கு விரித்தார். இரக்கம் நிலைப்பதற்கு இரங்கத்தக்கோர் இருந்துகொண்டேயிருக்க வேண்டும் என்பதால், அதற்கு மாற்றாகத் தோழமை ஒருமைப்பாட்டை அவர் முன்வைத்தார். பிரெஞ்சுப் புரட்சி பற்றிய அவரது முடிவுகள் எமக்கு உடன்பாடல்ல. இவ்வேறுபாடு மாத்திரம் பயனுடையது. 1990இலும் 1992இலும் பிரித்தானியாவில், தொலைக்காட்சி நிதிசேகரிப்பு நிகழ்ச்சிக்கு எதிராகத் திரண்ட மாற்றுத்திறனாளிகள் 'பிற்றி'யைத் தூக்கியெறியும் சுலோகத்தைத் தம் மேற்சட்டைகளில் அணிந்தனர். அவர்கள் கோரியது உரிமையை.

இவற்றைக் கொண்டு 'பிற்றி' வரும் இடமெல்லாம் மேட்டிமையே என்று தீர்த்துவிடலாமா? இங்கேதான் நாம் தவறுகிறோம். ஏனைய சொற்களுக்கு இல்லாத இலக்கண இயல்பொன்று இச்சொல்லுக்கு உண்டு. 'சிம்பதி'யும் 'கொம்பாஷ'னும், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மன் சொல்லொன்றைப் பெயர்க்க ஆக்கப்பட்ட 'எம்பதி'யும் உணர்பவரின் உள்ளத்தையே குறிக்கின்றன. 'பிற்றி'யோ உணர்வை மட்டுமன்றி உணரப்படும் நிலையையும் குறிக்கும். நிகழ்ந்த ஒன்றையே 'ஒரு பிற்றி' எனலாம். 'ஒரு சிம்பதி' எனல் இயலாது. ஒதெல்லோ நாடகத்தில் இவ்விரு வழக்குகளும் உள்ளன. தன் இடர்களுக்காக டெஸ்டிமோனா இரங்கியதாலேயே அவளைக் காதலித்ததாக ஒதெல்லோ சபையில் கூறும்போது அது உணர்வு. நான்காம் அங்கத்தில், அவளைக் கொல்லத் துணிந்த நிலையில், இயாகோவிடம் அவன் அச்சொல்லைத் திரும்பத் திரும்பக் கூறும்போது அது நிலை. அங்கு ஒருவரும் ஒருவரையும் குனிந்து பார்க்கவில்லை.

வில்பிரட் ஓவன் 1918இல் தம் கவிதைகளுக்கு எழுதிய முன்னுரைக் குறிப்பில், தமது பொருள் போரும் போரின் 'பிற்றி'யுமே என்றார். இதனைப் 'போரின் இரக்கம்' என்று பெயர்த்தால், போர் யாருக்கோ இரங்குவதுபோலப் பொருள் முற்றாக மாறிவிடும். 'போர்மீதான அனுதாபம்' என்றால் இன்னும் மோசம். ஓவன் குறித்தது போரிலேயே உறைந்துள்ள நிலையை. 'போரின் அவலம்' என்பதே அதற்கு நெருங்கிய தமிழ். போர்முனையை நேரில் அறிந்து எழுதியவர் அவர். போர்நிறுத்தத்துக்கு ஒரு வாரம் முன்பு, 1918 நவம்பர் 4இல், அங்கேயே கொல்லப்பட்டார். குனிந்து நோக்குவதற்கு அவருக்கு மேடை எதுவும் இருக்கவில்லை. 1936இல் தாம் தொகுத்த நவீன கவிதைத் தொகுதியிலிருந்து யேற்ஸ் ஓவனை விலக்கினார். செயலற்ற துன்பம் கவிதைக்குப் பொருளாகாது என்பது அவர் கூறிய காரணம். ஓவனின் 'பிற்றி'யை யேற்ஸ் வெறும் உணர்வாகவே படித்தார் என்று நாம் கருதுகின்றோம். அவலம் என்று படித்திருந்தால், அக்கவிதைகள் போரை நடத்தியோர்மீது சுமத்தும் குற்றச்சாட்டும் அவர் கண்ணிற் பட்டிருக்கும்.