தூறல் விழுந்த மணலும் சந்திரனின் எரிமலைகளும்

வாலாஜாபாத்தில் பாலாற்று மணலில் நின்று முழுநிலவைப் பாருங்கள். வெண்பரப்பின் நடுவே கறுத்த திட்டுகள் தெரியும். பாட்டி வடை சுடுகிறாள் என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அவைதாம். உண்மையில் அவை எரிமலைக் குழம்பு வழிந்து உறைந்த பசால்ட் சமவெளிகள்.

அந்த எரிமலைகள் எப்போது அணைந்தன? "300 கோடி ஆண்டுகளுக்கு முன்பே, சந்திரன் செத்த உலகம்" என்றே நெடுங்காலம் எழுதிவந்தார்கள். 1969 முதல் 1972 வரை அப்போலோ பயணங்களில் கிடைத்த பசால்ட் கற்கள் பெரும்பாலும் 310 முதல் 390 கோடி ஆண்டு வயதுடையவை. ஆனால் மனிதர் இறங்கிய இடங்கள் ஆறே! ஆறு கிணறுகளை எட்டிப் பார்த்துவிட்டுத் தமிழகம் முழுவதற்கும் நீர்மட்டம் சொல்லலாமா?

கல் கிடைக்காத இடத்திற்கு வயது கணிப்பது எப்படி? தூறல் விழும்போது ஆற்று மணலில் சிறு குழிகள் தோன்றும். குழிகள் மிகுந்திருந்தால் தூறல் தொடங்கி நெடுநேரம் ஆகியிருக்கும். அதுபோலச் சந்திரனில் விண்கற்கள் பறித்த குழிகளை எண்ணுகிறார்கள். குழி குறைந்த தரை இளையது என்பது முடிவு.

இம்முறையின் பலவீனத்தை 'இனா' என்னும் சிறு பள்ளம் வெளிப்படுத்தியது. 1971இல் அப்போலோ-15 படம் பிடித்த இப்பள்ளத்தின் வயது 3.3 கோடி ஆண்டுகளே என்று 2014இல் ஓர் ஆய்வுக் குழு கணக்கிட்டது. 2017இல் வேறொரு குழு, இல்லை, சுமார் 350 கோடி என்றது. இனாவின் தரை நுரைத்து உறைந்த குழம்பாக இருந்தால், மோதலின் ஆற்றலை நுரை விழுங்கிவிடும். குழிகள் சிறுத்துவிடும் என்பது அவர்கள் வாதம். அதே தூறல் பஞ்சு மூட்டையின்மேல் விழுந்தால் மணலில் போலக் குழி விழுமா? ஆக, ஒரே பள்ளத்திற்கு நூறு மடங்கு வேறுபடும் இரண்டு வயதுகள்!

இங்கே இரு தவறுகளைக் கண்டிக்க வேண்டும். முதலாவது, "இவ்வளவு வயது" என்று எண்ணை மட்டும் அச்சிட்டு, அது எண்ணிக் கணித்ததா, கல்லை அளந்ததா என்று சொல்லாமல் விடுவது. இரண்டாவது, "விஞ்ஞானிகளுக்குள்ளேயே சண்டை, ஆகவே எல்லா வயதும் பொய்" என்று கைகழுவுவது. ஒரு குழம்பின் வயது வேறு, சந்திரனின் வயது வேறு. பின்னது சுமார் 450 கோடி ஆண்டுகள். இனாவைப் பற்றிய சர்ச்சை அதை அசைக்கவில்லை. வீட்டுக்கு நேற்று வெள்ளையடித்தால் வீடே நேற்றுக் கட்டியதாகிவிடுமா?

கல்லே சாட்சி. 2020 டிசம்பரில் சீனாவின் சாங்கே-5 விண்கலம் 1,731 கிராம் மண்ணும் கல்லும் கொண்டுவந்தது. யுரேனியம் ஈயமாகச் சிதைவதைக் கொண்டு அளந்ததில் அங்குள்ள பசால்ட்டின் வயது 200 கோடி ஆண்டுகள். 'செத்த உலகம்' நூறு கோடி ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்திருக்கிறது! 2024இல் அதே மண்ணில் சுமார் 3,000 கண்ணாடி மணிகளைச் சோதித்தார்கள். மூன்று மட்டும் எரிமலை உமிழ்ந்தவை, வயது சுமார் 12 கோடி ஆண்டுகள் என்றார்கள். வியப்பான செய்திதான். ஆனால் மூன்றே மணிகள். அவற்றை உமிழ்ந்த வாய் எதுவென்று இன்னும் காட்டப்படவில்லை. பூமியைவிடச் சிறிய உருண்டை இவ்வளவு காலம் எப்படிச் சூடாக இருந்தது என்பதற்கும் முடிவான விடை இல்லை.

சந்திரனிலிருந்து கல் கொண்டுவரும் சந்திரயான்-4 திட்டத்திற்கு 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அக்கற்களை அளக்கப்போகிறவர்கள் இன்று பள்ளியில் படிப்பவர்களாகவும் இருக்கலாம். மாணவர்களே, இனி எந்த வயதைப் படித்தாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: எண்ணினீர்களா, அளந்தீர்களா?