இறையிலி: யார் கட்டிய வரி?

போன மாதம் வையம்பட்டியில் ஒரு துண்டு நிலத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தோம். எதுவும் இல்லை என்று வந்தது. அப்பா உடனே கேட்டார்: "கிஸ்தி பாக்கி இருக்கான்னு பாத்தியா?" அது அந்தத் தாளில் வராது; பதிவான பத்திரங்கள்தான் வரும். ஆனால் 1864ஆம் ஆண்டின் மதராஸ் வருவாய் வசூல் சட்டப்படி, நிலவரிக்கு நிலமே ஈடு. தனியாக அடமானம் எழுத வேண்டியதில்லை.

கல்வெட்டுகளைப் பற்றி நாம் எழுதுவதிலும் இதே மாதிரி ஒரு கோளாறு இருக்கிறது. 'இறையிலி' என்று பார்த்ததும் "மன்னர் கோயிலுக்கு வரியைத் தள்ளுபடி செய்தார்" என்று எழுதிவிடுகிறோம். (நானும் எழுதியிருக்கிறேன்.) சில இடங்களில் அது சரிதான். அரச ஆணையால் வந்த இறையிலிகள் உண்டு. ஆனால் சோழர் கால ஊர்ச்சபைக் கல்வெட்டுகளில் நாலு வரி சேர்த்துப் படித்தால் வேறு கதை வரும். கோயிலுக்கு நிலம் விட்டவர், அந்த நிலத்தின் வரிக்காகப் பொன்னோ காசோ சபையிடம் மொத்தமாகக் கட்டுகிறார். இறைதிரவியம், இறைகாவல் என்றெல்லாம் அதற்குப் பெயர். சந்திரனும் சூரியனும் உள்ளவரை அந்த வரி நம் பொறுப்பு என்று சபை எழுதிக் கொடுக்கிறது.

அதாவது அரசு எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. கடன் கோயில் கணக்கிலிருந்து சபைக் கணக்குக்கு மாறியது, அவ்வளவுதான்.

அரசு எவ்வளவு கறார் என்பதற்குச் செய்யாறு பக்கம் உக்கல் கல்வெட்டே போதும். முதலாம் ராஜராஜனின் 24ஆம் ஆட்சியாண்டு, அதாவது சுமார் 1009. பிராமணர், வைகானசர், சமணர் ஊர்களில் இரண்டு முழு ஆண்டு வரி கட்டாதவர்களின் நிலத்தை ஊராரே விற்கலாம் என்று ஆணை. 16ஆம் ஆண்டிலிருந்து 23ஆம் ஆண்டு வரையிலான பாக்கியைத் தோண்டி எடுக்கிறார்கள். சமய ஊர் என்று யாரையும் விட்டுவைக்கவில்லை. அப்படிப்பட்ட காலத்தில் வரிக்கும் சேர்த்துப் பணம் கட்டி நிலம் விட்டவர் விவரம் தெரிந்த ஆள். அவர் பெயரை விட்டுவிட்டு மன்னரைப் புகழ்வது வரலாறு ஆகாது.

என் அட்டவணையில் 'இறையிலி: ஆம்/இல்லை' என்று ஒரே கட்டம்தான் இருந்தது. எடுத்துவிட்டேன். இப்போது யார் கட்டினார், எவ்வளவு, யாரிடம் என்று மூன்று. பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் படிக்கணும்.